குற்றவியல் பட்டம்: கட்டணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரம், அக்கா மகள் ஒரு பளபளப்பான கையேட்டோடு வீட்டுக்கு வந்தாள். அட்டையில் பூதக்கண்ணாடி, மஞ்சள் நாடா, பெரிதாக ஒரு விரல்ரேகை. உள்ளே 'வேலைவாய்ப்புகள்' என்ற தலைப்பின் கீழ் சிபிஐ, என்ஐஏ, உளவுத்துறை, சைபர் கிரைம் என்று வரிசையாகப் போகிறது.

"மாமா, இதப் படிச்சா நேரா சிபிஐல எடுத்துக்கிடுவாங்களாம்லா?"

"யாரு சொன்னா?"

"காலேஜ்லருந்து வந்தவங்க சொன்னாவ."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஏனென்றால் அதே நினைப்போடு குற்றவியலில் முதுகலை வரை படித்தவன் நான். எஸ்.ஐ. எழுத்துத் தேர்வில் தேறி, உடற்தகுதிக்கு மைதானத்தில் போய் நின்றேன். அளவுகோல் 168 என்று காட்டியது. கேட்டது 170. வீட்டுச் சுவரில் அம்மா போட்ட கோட்டின்படி நான் 170தான். அந்தக் கோடு செருப்போடு நிற்கவைத்துப் போட்டது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது சென்னையில் ஒரு வங்கியின் பின்னலுவலகத்தில், மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்காணிக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே வந்து சேர அந்த ஐந்து வருடப் படிப்பு தேவைப்பட்டதா என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, குற்றவியல் அல்லது அதை ஒட்டிய ஒரு பட்டத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மருமகளோடு உட்கார்ந்து பார்த்த அதே வரிசையில் போகிறேன்.

முதலில்: நீங்கள் விரும்புவது எந்த வேலையை?

'கிரிமினாலஜி' என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதற்குள் நான்கு வெவ்வேறு படிப்புகள் ஒளிந்திருக்கின்றன. நான்கும் நான்கு திசைக்குப் போகிறவை.

குற்றவியல் என்பது சமூக அறிவியல். குற்றம் ஏன் நடக்கிறது, சிறை என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது, காவல்துறை எப்படி இயங்குகிறது என்பவைதாம் இதில் பாடம். நெல்லை அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இதற்குத் தனித் துறைகள் உள்ளன. பாதிக்கப்பட்டோர் பற்றிய ஆய்வில் இந்திய அளவில் பேசப்படும் கே. சொக்கலிங்கம் இந்த மண்ணில் வேலை செய்தவர். துறைக்குப் பெயர் உண்டு, அதில் குறை இல்லை.

தடய அறிவியல் என்பது ஆய்வுக்கூடம். ரத்தம், நஞ்சு, வெடிமருந்து, துப்பாக்கிக் குண்டு, கையெழுத்து. இதற்கு வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ அடித்தளம் வேண்டும். சைபர் தடயவியல் கணினிக்காரர்களின் வேலை. நான்காவது சட்டம். நீதிமன்றத்தில் நிற்க வேண்டும் என்றால் அது ஒன்றுதான் வழி.

என் மருமகளுக்கு வேண்டியது 'அந்த வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கிட்டு லேப்ல பாக்குற வேலை'. அவள் கையில் இருந்த கையேடோ குற்றவியல் இளங்கலைக்கானது. அட்டைப்படம் மட்டும் தடய அறிவியலுடையது. பாதிப் பேருடைய குழப்பம் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாவது: கையேட்டை மூடிவிட்டு, ஆள்சேர்ப்பு அறிவிப்பைத் திறங்கள்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ஆசைப்படும் பதவியின் பழைய அறிவிப்பைத் தேர்வாணையத்தின் இணையதளத்தில் தேடி எடுத்து, 'கல்வித் தகுதி' என்ற பத்தியை மட்டும் வாசியுங்கள். முழு அறிவிப்பும் நாற்பது ஐம்பது பக்கம் ஓடலாம். அந்தப் பத்தி மூன்று வரிதான் இருக்கும். உங்கள் மூன்று வருடம் அந்த மூன்று வரியில் தொங்குகிறது.

நாங்கள் வாசித்தபோது கண்டது இதுதான்.

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் உதவி ஆய்வாளர் (எஸ்.ஐ.) தேர்வு: ஏதாவது ஒரு பட்டம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி.: ஏதாவது ஒரு பட்டம். யு.பி.எஸ்.சி. வழியாக ஐ.பி.எஸ்.: ஏதாவது ஒரு பட்டம். போதாக்குறைக்கு அந்தத் தேர்வின் விருப்பப் பாடப் பட்டியலில் குற்றவியலே கிடையாது. சமூகவியல் உண்டு, உளவியல் உண்டு, சட்டம் உண்டு. சிபிஐயில் உதவி ஆய்வாளர்? மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு, அதுவும் ஏதாவது ஒரு பட்டம்தான். உளவுத்துறையின் ஏசிஐஓ (உதவி மத்திய உளவு அதிகாரி) பதவிக்கும் அப்படியே.

சிபிஐ உதவி ஆய்வாளருக்கு அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்குகிறது. தமிழ்நாடு எஸ்.ஐ.க்கு 36,900. நல்ல சம்பளம்தான், அகவிலைப்படியும் மற்றப் படிகளும் மேலே சேரும். ஆனால் இந்தச் சம்பளத்தைக் 'குற்றவியல் படித்தால் கிடைக்கும் சம்பளம்' என்று கையேட்டில் அச்சடிப்பது, பழனிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினால் முருகன் நேரில் வருவார் என்று டிக்கெட் விற்பது மாதிரி. தமிழ் இலக்கியம் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள். பல சமயம் அவர்கள் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள், ஏனென்றால் அவர்கள் கட்டணத்தில் மிச்சம் பிடித்ததைப் பயிற்சி வகுப்பில் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் கவனித்தோம். எஸ்.ஐ. தேர்வின் அண்மைய அறிவிப்புகளில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. குற்றவியல் பட்டத்துக்கென்று ஒரு வரியும் எங்கள் கண்ணில் படவில்லை. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் வாரமே என்.சி.சி. அறை எங்கே என்று விசாரியுங்கள். செலவில்லாமல் மதிப்பெண் தரும் ஒரே படிப்பு அதுதான்.

மூன்றாவது: சுவரோரம் நில்லுங்கள், செருப்பில்லாமல்

சிரிக்காதீர்கள். எஸ்.ஐ. பதவிக்கு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் வேண்டும், பட்டியலினத்தவர், பழங்குடியினர் என்றால் 167. பெண்களுக்கு 159, அதே பிரிவினருக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் 86. இந்த எண்களை யாரும் கல்லூரிச் சேர்க்கை நாளில் சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயதில் இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்றால் வளர வாய்ப்பிருக்கிறது. இருபத்திரண்டில் அந்த வாய்ப்பு முடிந்துவிட்டிருக்கும்.

வயதும் ஒரு செலவுதான். எஸ்.ஐ.க்குப் பொதுப் பிரிவில் 30 வயது வரை. பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 32, பட்டியலினத்தவருக்கு 35. கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வருவதில்லை. இளங்கலை, முதுகலை என்று ஐந்து வருடம் படித்து முடிக்கும்போது உங்கள் கையில் எத்தனை அறிவிப்புகள் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றா, நான்கா? அதில் ஒன்றை வழக்கு விழுங்கிவிடும், இன்னொன்றைக் காய்ச்சல் விழுங்கிவிடும்.

வீட்டில் பணக்கஷ்டம் என்றால் வேறொரு பாதையைச் சொல்கிறேன். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பே போதும், 18 வயதில் எழுதலாம், அடிப்படைச் சம்பளம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. உள்ளே போனபின் தொலைநிலைக் கல்வியில் பட்டம் வாங்கி, எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கு என்று ஒதுக்கப்பட்ட 20 சதவீத இடங்களுக்குப் போட்டியிடலாம். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல், குற்றவியல் நீதி நிர்வாகம் சார்ந்த இளங்கலை இருக்கிறது. குற்றவியல் பட்டம் உண்மையிலேயே ருசிப்பது இப்படி உள்ளே இருந்துகொண்டு படிப்பவர்களுக்குத்தான். ஸ்டேஷனில் நேற்று நடந்ததை இன்று பாடத்தில் வாசிப்பார்கள். என் வகுப்பில் அப்படி ஒரு ஏட்டையா இருந்தார். பேராசிரியர் பாதிப் பாடத்தை அவரிடமே கேட்டு நடத்துவார்.

நான்காவது: யாரும் சொல்லாத செலவு, தமிழ்வழி

தமிழ்நாடு அரசு நேரடி நியமனங்களில், தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டம். 2020இல் திருத்தி இறுக்கிவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து, அந்தப் பதவிக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி வரைக்கும் எல்லாமே தமிழ்வழியாக இருக்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். அரசுப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்த ஒரு பிள்ளை, ஆங்கிலவழிக் குற்றவியல் பட்டத்தில் சேருகிறது. எஸ்.ஐ. பதவிக்குத் தகுதி பட்டம் என்பதால், அந்த மூன்று வருடத்தில் பன்னிரண்டு வருடச் சலுகையும் போய்விடுகிறது. அதே பிள்ளை பக்கத்து ஊர் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழி வரலாறோ பொருளியலோ படித்திருந்தால் அந்த 20 சதவீதத்துக்குள் நின்றிருக்கும். கட்டணச் சீட்டில் இந்த இழப்பு தெரியாது. தமிழ்வழி மாணவர் என்றால், கல்லூரியில் கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: பயிற்றுமொழி எது, தமிழ்வழிச் சான்றிதழ் தருவீர்களா?

ஐந்தாவது: தடய அறிவியல்தான் வேண்டும் என்றால்

இந்தத் துறையில் ஆள் தேவை கூடப்போகிறது என்பது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போய்த் தடயங்களைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. இதை எந்தத் தேதியிலிருந்து கட்டாயமாக்குவது என்று மாநிலங்கள் அறிவிக்க ஐந்து ஆண்டு அவகாசம். கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை என்று எத்தனை வழக்குகள் இதற்குள் வரும் என்று நினைத்தால், இருக்கும் ஆட்கள் போதமாட்டார்கள் என்பது விளங்கும்.

நமக்கு இதில் பழைய பெருமையும் உண்டு. 1849இல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதகர் ஆய்வுக்கூடம்தான் இந்தியாவில் இந்த வகையில் முதலாவது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் சிதறிக் கிடந்த துண்டுகளை வைத்து இடுப்புப் பட்டைக் குண்டை மறுகட்டமைப்புச் செய்து காட்டிய பி. சந்திரசேகரன், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்தவர். பின்னாளில் பத்மபூஷண் பெற்றார்.

ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் வாசல் குற்றவியல் இல்லை. ஆய்வுக்கூட அறிவியல் அலுவலர் பதவிகளுக்கான தகுதியில் வேதியியல், இயற்பியல், உயிரியல் போன்ற பாடங்கள்தாம் முன்னால் நிற்கும். குற்றவியலில் பி.ஏ. முடித்தவர் முதுநிலைத் தடய அறிவியலுக்கு மாறலாம் என்று நினைப்பதும் ஆபத்து. அங்கே சேர்க்கைக்கே அறிவியல் பட்டம் கேட்பார்கள்.

பி.எஸ்சி. தடய அறிவியல் என்றே படிக்கலாமே என்பீர்கள். படிக்கலாம், ஆனால் 'இணைத்தன்மை' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டு படியுங்கள். ஓர் அறிவிப்பு 'வேதியியலில் பட்டம்' என்று கேட்டால், உங்கள் பட்டம் அதற்கு இணையானது என்று அரசாணை இருக்க வேண்டும். இல்லையென்றால் தேர்வில் முதலிடம் பெற்றாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். புதுப்புதுப் பெயர்களில் பட்டம் தரும் கல்லூரிகளில் இது அடிக்கடி நடக்கும் சோகம். ஆகவே என் யோசனை பழமையானதுதான்: இளங்கலையில் வேதியியலோ உயிர்வேதியியலோ படியுங்கள், முதுநிலையில் தடய அறிவியலுக்குப் போங்கள். காந்திநகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அங்கே நுழைவுத் தேர்வு உண்டு, செலவும் உண்டு. இளங்கலையில் மிச்சப்படுத்திய பணம் அதற்கு உதவும். நடுவில் மனம் மாறினாலும் வேதியியல் பட்டம் மருந்துக் கம்பெனிக்கும் ஆசிரியர் வேலைக்கும் செல்லும். பூதக்கண்ணாடி போட்ட பட்டம் அப்படிச் செல்லாது.

ஒப்பந்த வேலைகள்: மனசு நிறையும், பை நிறையாது

குற்றவியல் படித்தவர்களில் நிறையப் பேர் கடைசியில் போய்ச் சேரும் இடம் குழந்தைகள் பாதுகாப்பு, பெண்கள் உதவி மையம், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லம், தொண்டு நிறுவனம் ஆகியவை. நல்ல வேலை, நாட்டுக்கு வேண்டிய வேலை. சம்பளத்தைப் பாருங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் கீழ் வரும் அறிவிப்புகளில் பாதுகாப்பு அலுவலருக்கு மாதம் 27,804 ரூபாய், மன ஆலோசனை தரும் ஆற்றுப்படுத்துநருக்கும் சமூகப் பணியாளருக்கும் 18,536, புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592. எல்லாம் தொகுப்பூதியம், முற்றிலும் தற்காலிகம்.

அதிலும் ஒரு கொக்கி. கல்வித் தகுதி வரிசையில் சமூகப்பணி, சமூகவியல், உளவியல், சட்டம் என்று போகும். குற்றவியல் என்ற சொல் அந்த வரிசையில் பல சமயம் இருக்காது. நன்னடத்தை அலுவலர் பதவியோ டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக வருகிறது. அங்கே மறுபடியும் எல்லாப் பட்டதாரிகளோடும் போட்டி. எனவே இந்தப் பக்கம்தான் மனம் போகிறது என்றால் குற்றவியலைவிட சமூகப்பணி முதுகலை உங்களுக்கு அதிகக் கதவுகளைத் திறக்கும். இதைச் சொன்னதற்காக என் பழைய பேராசிரியர் என்னோடு பேசாமல் போகலாம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏதாவது ஒரு பட்டத்துக்குப் பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்பு. அரசு உதவி வழக்கு நடத்துநர் பதவிக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடிய அனுபவம் கேட்கிறார்கள். உரிமையியல் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடியும் சொல்லிவிட்டது. ஆக, சீனியரிடம் சொற்ப வருமானத்தில் ஓடும் அந்த வருடங்களையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தனியார் துறையில், அதாவது நான் இருக்கும் பக்கத்தில், வங்கி மோசடிக் கண்காணிப்பு, கறுப்புப்பணத் தடுப்பு, பணியாளர் பின்னணிச் சரிபார்ப்பு, காப்பீட்டு உரிமைகோரல் விசாரணை என்று வேலைகள் இருக்கின்றன. பெரும்பாலும் சென்னை, பெங்களூரு. என் நேர்காணலில் குற்றவியல் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எக்செல் தெரியுமா, ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வருமா, இரவுப் பணி பார்ப்பீர்களா என்று மூன்றே கேள்வி. உள்ளே வந்த பிறகு படிப்பு கைகொடுத்தது, பொய் சொல்லக் கூடாது. ஒரு மோசடி எப்படி நடக்கும் என்று யோசிக்கும் பழக்கம் வகுப்பில் வந்ததுதான். ஆனால் பதவி உயர்வைத் தந்தது வேலையில் இருந்துகொண்டு வாங்கிய தொழில்முறைச் சான்றிதழ்.

கணக்கை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் தனியார் கல்லூரி. ஆண்டுக் கட்டணம் 90,000, விடுதியும் சாப்பாடும் 70,000 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கல்லூரியின் உண்மைத் தொகையை நீங்களே போடுங்கள். மூன்று வருடத்துக்கு 4,80,000. நான்கு லட்சம் கல்விக் கடன் வாங்கினால், 10 சதவீத வட்டியில் ஏழு வருடத் தவணைக்கு மாதம் சுமார் 6,640 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டி ஓடத் தொடங்கிவிடும் என்பதால் உண்மையில் அதைவிடக் கொஞ்சம் கூடவே வரும்.

இப்போது அந்த 6,640ஐ மேலே சொன்ன சம்பளங்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். 10,592 வாங்கும் புறத்தொடர்புப் பணியாளருக்கு மிஞ்சுவது நாலாயிரத்துக்குக் கீழே. 18,536 வாங்கும் சமூகப் பணியாளருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கடனுக்கே போகும். எஸ்.ஐ. ஆகிவிட்டால் இந்தத் தவணை ஒரு பொருட்டே இல்லை, சரிதான். ஆனால் எஸ்.ஐ. ஆவதற்கு அந்தக் கடன் தேவையே இல்லை என்பதைத்தானே இவ்வளவு நேரம் பார்த்தோம்.

வலது பக்கம் அரசு கலைக் கல்லூரி. கட்டணம் சில ஆயிரங்கள். வீட்டுச் சாப்பாடு. பெண்பிள்ளை என்றால் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கையில் வரும், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் ஏறக்குறைய நான்கு லட்சம். அந்தப் பணத்தில் முதுநிலைத் தடய அறிவியலோ, சட்டப் படிப்போ, இரண்டு வருடப் போட்டித் தேர்வுத் தயாரிப்போ நடக்கும்.

தாளின் அடியில் இன்னொரு வரி எழுதுங்கள்: நினைத்த வேலை கிடைக்காவிட்டால் இந்தப் பட்டத்தை வைத்து வேறென்ன செய்வேன்? அந்த வரிக்கு வீட்டில் உள்ள மூன்று பேரிடம் பதில் கேளுங்கள். மூன்று பேரும் 'பாத்துக்கலாம்' என்றால் இன்னொரு முறை யோசியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குற்றவியல்தான் என்றால்

அப்படிச் சொல்பவர்களைத் தடுக்க மாட்டேன். சிறை ஏன் நிரம்பி வழிகிறது, விசாரணைக் கைதி ஏன் வருடக்கணக்கில் உள்ளே இருக்கிறான் என்ற கேள்விகள் உங்களை உண்மையிலேயே தூங்கவிடாமல் செய்தால், இந்தப் படிப்புக்கு நீங்கள்தான் சரியான ஆள். ஆனால் முதுநிலையில் படியுங்கள், அதுவும் அரசுப் பல்கலைக்கழகத்தில். சேர்ந்த நாளிலிருந்தே, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் யு.ஜி.சி. நெட் தேர்வுக்குத் தயாராகுங்கள். அங்கே குற்றவியல் தனிப் பாடம், தடய அறிவியல் வேறு தனிப் பாடம். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். குற்றவியல் பட்டம் நேரடியாகப் பணமாக மாறும் ஒரே இடம் என்று இதைத்தான் சொல்வேன். அதன்பின் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. புதிய தனியார் கல்லூரிகள் இந்தப் படிப்பைத் தொடங்கிக்கொண்டே இருப்பதால், படித்தவர்களுக்குப் பாடம் நடத்தும் வேலையாவது கிடைக்கிறது. இதில் உள்ள வேடிக்கையை நீங்களே ரசித்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போதே நன்னடத்தை அலுவலகம், சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொண்டு நிறுவனம் என்று எங்காவது களப்பயிற்சிக்குப் போங்கள். வெறும் சான்றிதழுக்காக வேண்டாம். வழக்கில் சிக்கியவரின் குடும்பம், பின்னணி பற்றிய ஒரு சமூக விசாரணை அறிக்கையைக் கையால் எழுதிப் பழகும் அளவுக்காவது இருங்கள். வேலைக்கு எடுப்பவர் பார்ப்பது அதைத்தான்.

கல்லூரிக்காரரிடம் கேட்க வேண்டியவை

பட்டச் சான்றிதழில் அச்சாகும் சரியான பெயர் என்ன? எந்தப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு? இணைத்தன்மை அரசாணை உண்டா, எண் என்ன? பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் குற்றவியலிலேயே படித்தவர்கள்? கடந்த வருடம் முடித்தவர்கள் இப்போது என்ன வேலையில், என்ன பதவியில் இருக்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரிடம் பேச முடியுமா? 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்றால் அந்த நூறில் எத்தனை பேர் கடன் வசூல் அழைப்பு மையத்தில் என்று மெதுவாகக் கேளுங்கள். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சிறப்புரை ஆற்றினார் என்று படம் காட்டினால் நன்றி சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

என் மருமகள் இப்போதைக்கு அரசு கலைக் கல்லூரிகளுக்கான இணையதளத்தில் 50 ரூபாய் கட்டி விண்ணப்பித்து, வேதியியலை முதல் விருப்பமாகப் போட்டிருக்கிறாள். தாவரவியல் இரண்டாவது. தரவரிசைப் பட்டியல் இன்னும் வரவில்லை. சுவரில் புதுக் கோடு போட்டோம், வெறுங்காலோடு: 161.

கையேடு கொடுத்த கல்லூரியிலிருந்து நேற்றும் போன் வந்தது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். "அண்ணா, உங்க டிகிரிக்கு இணைத்தன்மை ஜி.ஓ. நம்பர் என்னண்ணா?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.